வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனாவது நம்பர்?

"எத்தனாவது நம்பர் போட்டிருக்கான்?"

அப்பா கேட்ட மொத கேள்வி அதுதான். 2023 மார்ச் கடைசி வாரம், இங்க நியூஜெர்சில ராத்திரி எட்டரை, பாளையங்கோட்டைல விடிகாலை ஆறு மணி, அப்பா பால் வாங்கிட்டு வந்து அப்பதான் உக்காந்திருக்காரு, நான் சுத்தி வளைக்காம "பெரியவளுக்கு அந்த காலேஜ்ல வெயிட்டிங் லிஸ்ட் போட்டுட்டாங்கப்பா"ன்னு சொல்லிட்டேன். அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்னா நெல்லை எக்ஸ்பிரஸ். முப்பது வருஷமா திருநெல்வேலிக்கும் எழும்பூருக்கும் டிக்கெட் போட்டவரு, பதினஞ்சு வரைக்கும்னா கவலைப்படாத, நாப்பதுன்னா பஸ்ஸையும் பார்த்து வச்சுக்கோ, தீபாவளி சமயம்னா பத்தே கஷ்டம்னு ஒரு கணக்கு மனசுல வச்சிருக்கவரு. "நம்பர் எதுவும் இல்லப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நம்பர் இல்லாம அது என்னட்டி வெயிட்டிங் லிஸ்டு?"ன்னாரு.

அன்னைக்கு எனக்கு பதில் தெரியல. போன வாரம் ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துல கூட பாடம் எடுக்கற தோழி ஒருத்தி போன் பண்ணி அழுதா, அவ பையனுக்கு நாலு இடத்துல வெயிட்லிஸ்ட், நல்லா படிக்கற பையன், எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு போன்ல சொன்னத எல்லாம் உக்காந்து எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு உதவும்னு தோணுச்சு. ஏப்ரல் மாசம் இங்க எத்தனையோ நம்ம வீடுகள்ல இதே பேச்சுதான் ஓடிட்டிருக்கும்.

எங்க வீட்ல நடந்தத மொதல்ல சொல்லிடறேன். ரிசல்ட் வர்ற நேரம் சாயங்காலம் ஏழு மணி. பெரியவ டைனிங் டேபிள்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஆறரைக்கே உக்காந்துட்டா, நாங்க யாரும் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லிட்டா, நான் அடுப்படில நின்னுக்கிட்டு ஒரே பாத்திரத்த மூணு தடவ கழுவினேன். அட்மிஷன் கிடைச்சா போர்ட்டல்ல கலர் காகிதம் பறக்கற மாதிரி ஏதோ வரும்னு புள்ளைங்களுக்குள்ள பேச்சு, அது வரல. லெட்டர் வந்துச்சு. அப்ளிகேஷன கவனமா படிச்சோம், இந்த வருஷம் ரொம்ப பலமான அப்ளிகேஷன்கள், எல்லாருக்கும் இடம் குடுக்க முடியல, உன்ன வெயிட்லிஸ்ட்ல வச்சிருக்கோம். கீழ ரெண்டே பட்டன், லிஸ்ட்ல இருக்கேன், லிஸ்ட்ல வேண்டாம். அவ மேலயும் கீழயும் நகத்தி நகத்தி தேடினா, தாத்தா கேட்ட அதே நம்பரத்தான் அவளும் தேடியிருக்கா. லேப்டாப் மூடில ஒட்டியிருந்த ஸ்டிக்கர நகத்தால பிச்சுக்கிட்டே என்னை பார்த்து கேட்டா, "அம்மா, எனக்கு எதுல கம்மி?"

காலேஜ் சேர எழுதற எஸ்ஏடி பரீட்சைல 1600-க்கு 1550, ஸ்கூல்ல கஷ்டமான பாடமா பார்த்து எடுத்து எல்லாத்துலயும் ஏ, பதினாறு வயசுல இருந்து எங்க ஊர் ஆம்புலன்ஸ் ஸ்குவாட்ல கேடட், ஆர்க்கெஸ்ட்ரால வயோலா. எதுல கம்மின்னு நான் என்னத்த சொல்ல.

அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு, ஏன்னா நான் வளந்த விதம் அப்படி. தொண்ணூறுகளோட கடைசில நான் அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் போனவ. பிளஸ் டூ மார்க்கு கணக்குல நூத்துக்கு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது, எண்ட்ரன்ஸ் நூறு, ஆக மொத்தம் முந்நூறுக்கு கட் ஆஃப், அத வச்சு ரேங்க். கிண்டில ஹால்ல உக்காந்திருப்போம், முன்னாடி ஸ்கிரீன்ல ஒவ்வொரு காலேஜுக்கும் எத்தன சீட் மிச்சம்னு காட்டும், நம்ம கண்ணு முன்னாடியே அது குறையும். எனக்கு முன்னால போன பொண்ணு ஒரு சீட்ட எடுத்தான்னா அவ ரேங்க் என்னோட ரேங்க்குக்கு மேல, அவ்வளவுதான், வயிறு எரியும் ஆனா ஏன்னு புரியும். கிடைக்கலன்னா அரை மார்க்குல போச்சுன்னு வாழ்நாள் பூரா சொல்லிக்கலாம். அந்த முறைல எத்தன கஷ்டம் இருந்தாலும், எதுல கம்மின்னு கேட்டா ஒரு நம்பர் பதிலா வரும். இங்க வெயிட்லிஸ்ட்னு வந்ததும் நான் அந்த ஹாலத்தான் மனசுல பார்த்தேன், ஒரு கோடு போட்டிருக்கான், கோட்டுக்கு மேல இருக்கவங்க உள்ள, நம்ம புள்ள கோட்டுக்கு கீழ பத்தாவதோ இருவதாவதோ நிக்குதுன்னு. பெரும்பாலான காலேஜ்ல அப்படி ஒரு வரிசையே கிடையாதுன்னு எனக்கு விளங்கறதுக்கு ரொம்ப நாளாச்சு.

விளங்கினது எப்படின்னா எங்க சித்தி கல்யாணத்த நினைச்சுதான். எங்க பக்கம் விசேஷ வீட்ல சமைக்கறவர தவசிப்பிள்ளைன்னு சொல்லுவோம். சித்தி கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிச்சாங்க, தவசிப்பிள்ளை வந்து தாத்தாகிட்ட எத்தன பத்திரிகைன்னு ஒரு தடவதான் கேட்டாரு, அப்புறம் அவரு கேட்டது எல்லாம் வேற. அன்னைக்கு ஊர்ல வேற எத்தன கல்யாணம், பொண்ணு வீட்டு சொந்தம் வெளியூர்ல எத்தன வீடு, பரீட்சை சமயமா, மண்டபத்துல ஒரு பந்திக்கு எத்தன இலை விழும். அதெல்லாம் கேட்டுட்டு ஒரு அளவு சொன்னாரு. அப்பவும் அவருக்கு நிச்சயம் கிடையாது, அதனால அரை மூட்டை அரிசிய தனியா அளந்து, களையாம, அடுப்புக்கு பக்கத்துலயே வச்சிருந்தாரு, பக்கத்துல ஒரு உலை மட்டும் கொதிச்சிட்டே இருந்துச்சு. கூட்டம் வந்தா அத போடுவாரு, வரலன்னா மூட்டை திரும்ப உக்கிராண அறைக்கு போயிரும். அதுவும் அதே கடைல வாங்கின அதே அரிசிதான். பானைல விழுந்த அரிசிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

காலேஜ்ல இதுக்கு பேரு யீல்ட். அட்மிஷன் குடுத்தவங்கள்ல நூத்துக்கு எத்தன பேர் நிஜமா வந்து சேருவாங்கங்கறது. ஒரு பேச்சுக்கு 1,500 கட்டில் இருக்கற காலேஜ்னு வைங்க, வழக்கமா நூத்துக்கு நாப்பது பேர் வருவாங்கன்னா அவங்க 3,750 பேருக்கு அட்மிஷன் குடுக்கணும். அந்த நாப்பது இந்த வருஷம் நாப்பத்தஞ்சு ஆயிட்டா 1,690 பேர் பக்கம் வந்து நிப்பாங்க, கிட்டத்தட்ட இருநூறு புள்ளைங்களுக்கு படுக்க கட்டில் இல்ல. முப்பத்தஞ்சா குறைஞ்சா 1,310 பேர்தான், அத்தன பேரோட பீஸும் வராது, பல காலேஜ் பீஸ் பணத்துலதான் வண்டி ஓட்டுது. ரெண்டுல எது மோசம்னு கேட்டா ரெண்டுமே மோசம், ஆனா கூட வந்துட்டா வெளிய போன்னு சொல்ல முடியாது, குறைஞ்சா லிஸ்ட்ல இருந்து கூப்பிட்டுக்கலாம். அதனால கொஞ்சம் கம்மியா அட்மிஷன் குடுத்துட்டு மிச்சத்த அடுப்பு பக்கத்துல வச்சுக்கறாங்க.

கணக்கு தப்பினா என்ன ஆகும்னு ரெண்டு இடத்த சொல்றேன். 2017-ல கலிபோர்னியா யுனிவர்சிட்டியோட இர்வைன் கேம்பஸ்ல 6,250 பேர் வருவாங்கன்னு எதிர்பார்த்தாங்க, அதவிட 800 பேர் வரைக்கும் கூட வர்றேன்னுட்டாங்க. காலேஜ் தொறக்க ரெண்டு மாசம் இருக்கும்போது, ஜூலைல, ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது ஸ்கூல் மார்க்கு சீட்டு, நேரத்துக்கு வரல, கடைசி வருஷ மார்க்கு குறைஞ்சுபோச்சுன்னு காரணம் காட்டி 499 பேரோட அட்மிஷன ரத்து பண்ணாங்க. மத்த காலேஜ் எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டு, சட்டை வாங்கி போட்டு போட்டோ போட்ட புள்ளைங்க. பெரிய சத்தம் ஆச்சு, சான்சலர் மன்னிப்பு கேட்டு ட்ரான்ஸ்கிரிப்ட் பிரச்சனை இருந்த புள்ளைங்கள திரும்ப சேத்துக்கிட்டாரு. 2019-ல வர்ஜினியா டெக்ல எதிர்பார்த்ததவிட சுமார் ஆயிரம் பேர் கூட. ஒரு வருஷம் கழிச்சு வர்றியா, உனக்கு பணம் தர்றோம்னு புள்ளைங்ககிட்ட கேட்டாங்க, பக்கத்து ஹோட்டல ஹாஸ்டலா மாத்தி தங்க வச்சாங்க. இதையெல்லாம் பார்த்துட்டு எந்த அட்மிஷன் டீன் தைரியமா நூறு பேருக்கு கூட குடுப்பாரு? லிஸ்ட்ட நீட்டத்தான் செய்வாரு.

அந்த யீல்ட கணிக்கறதும் வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாத்தான் ஆயிருக்கு. காமன் ஆப்ங்கற பொது வெப்சைட்ல ஒரே அப்ளிகேஷன வச்சு இருவது காலேஜ் வரைக்கும் போடலாம். 2020-ல கோவிட் வந்தப்ப எஸ்ஏடி இல்லாமலே அப்ளை பண்ணலாம்னு ஆக்கினாங்க, அதுக்கப்புறம் பேர் பெத்த காலேஜ் எல்லாத்துக்கும் அப்ளிகேஷன் குவிஞ்சுது. எங்க பொண்ணு பதினாலு இடத்துக்கு போட்டா, அவ ஒருத்திதான், போய் சேரப்போறது ஒரு இடம், மிச்ச பதிமூணு காலேஜும் அவ வருவாளா மாட்டாளான்னு கணக்கு போட்டிருக்கும்ல. நாம எத்தன கதவ தட்டறமோ அத்தன வீட்லயும் நம்மள நம்பி இலை போடலாமா வேண்டாமான்னு யோசிக்கத்தான் செய்வாங்க. இது எனக்கு அப்ப தோணவே இல்ல.

இதுக்கு நடுவுல 2019-ல இன்னொன்னும் நடந்துச்சு, நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு இது தெரியாது. எந்த காலேஜ்னு முடிவு பண்ணி டெபாசிட் கட்ட கடைசி நாள் மே ஒண்ணு; அதுவரைக்கும், அந்த தேதி தாண்டினதும், ஒரு காலேஜ்ல டெபாசிட் கட்டின புள்ளைய இன்னொரு காலேஜ் சலுகை காட்டி இழுக்கக்கூடாதுன்னு அட்மிஷன் ஆபீஸர்கள் சங்கத்துல ஒரு விதி இருந்துச்சு. அது போட்டிய தடுக்குதுன்னு அமெரிக்க நீதித்துறை பிடிச்சுச்சு, சங்கம் அந்த விதிய எடுத்துருச்சு. அதாவது மே ஒண்ணு முடிஞ்சாலும் நம்ம புள்ளைங்கதான்னு காலேஜ் நிம்மதியா இருக்க முடியாது. மேல ஒரு பெரிய காலேஜ் தன் லிஸ்ட்ல இருந்து முப்பது பேர கூப்பிட்டா, அந்த முப்பது பேரும் வேற எங்கயோ டெபாசிட் கட்டினவங்க, அங்க முப்பது கட்டில் காலி, அவங்க அவங்க லிஸ்ட்ட தொறப்பாங்க, அப்படியே கீழ வரைக்கும் இறங்கும். ஜூன் ஜூலை வரைக்கும் இந்த நகர்வு இருக்கும்.

சரி, கணிப்பு கஷ்டம், லிஸ்ட் வேணும், ஆனா என் புள்ளைய ஏன் லிஸ்ட்ல போட்டு அடுத்த வீட்டு புள்ளைக்கு ஏன் நேரா குடுத்தாங்க? என் மனசுல முள்ளா குத்தினது இதுதான், தோழி கேட்டதும் இததான்.

ஹார்வர்ட் கேஸ் 2018-ல பாஸ்டன்ல நடந்துச்சே, ஆசிய புள்ளைங்களுக்கு அநியாயம் நடக்குதுன்னு போட்ட கேஸ், அதுல உள் விவரம் நிறைய வெளிய வந்துச்சு. 2019-ல படிப்பு முடிக்கற செட்டுக்கு உள்நாட்டுல இருந்து மட்டும் சுமார் 26,000 பேர் அப்ளை பண்ணியிருக்காங்க, அதுல கணக்கு எஸ்ஏடில முழு மார்க்கு 3,400 பேர், ஸ்கூல் மார்க்கோட சராசரி, அதாவது ஜிபிஏ, முழுசா இருந்தவங்க 8,000-க்கு மேல. இருந்த இடமோ இந்த ரெண்டு நம்பரையும்விட ரொம்ப கம்மி. இத படிச்சப்பதான் எனக்கு கிண்டி ஹால் மனசுல இருந்து எந்திச்சு போச்சு. முழு மார்க்கு வாங்கினவங்கள மட்டும் எடுத்தாலும் பாதிக்கு மேல வெளிய நிக்கணும்னா, அங்க மார்க்க வச்சு கோடு கிழிக்கவே வழி இல்ல. மார்க்கு வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டு போகும். அதுக்கப்புறம் அவங்க பாக்கறது ஒரு வகுப்புக்குள்ள யார் யார் வேணும்னு: வரலாறு படிக்க ஆள் வேணும், கிளாசிக்ஸ் டிபார்ட்மெண்ட் காத்து வாங்குது, ஆர்க்கெஸ்ட்ரால பஸூன் வாசிச்சவன் பட்டம் வாங்கிட்டு போயிட்டான், மொன்டானா மாநிலத்துல இருந்து ஒருத்தர்கூட இல்ல, டென்னிஸ் கோச் ஒரு பொண்ண கேக்கறாரு. எங்க வீட்டு பொண்ணு நியூஜெர்சில இருந்து பயாலஜி படிக்க வர்றா. இங்க எடிசன், ப்ளெய்ன்ஸ்போரோ பக்கம் எங்க தெருவுலயே பயாலஜிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அப்ளை பண்ணினது அஞ்சு புள்ளைங்க. அஞ்சும் நல்ல புள்ளைங்க.

லிஸ்ட்ல ஏன் நம்பர் போடறதில்லங்கறதுக்கும் இதுதான் காரணம். மே மாசம் எந்த ஓட்டை விழும்னு மார்ச்ல தெரியாது. இஞ்சினியரிங்ல பத்து பேர் குறைஞ்சா லிஸ்ட்ல இருக்கற இஞ்சினியரிங் புள்ளைய கூப்பிடுவாங்க, வயோலா வாசிக்கறவ வரலன்னா வயோலா. அதனாலதான் தேவைப்படப்போறத விட பல மடங்கு பேர லிஸ்ட்ல வச்சிருப்பாங்க. காமன் டேட்டா செட்னு ஒரு பாரம் இருக்கு, நிறைய காலேஜ் தங்க வெப்சைட்லயே போடும், அதுல சி2-ங்கற இடத்துல எத்தன பேருக்கு வெயிட்லிஸ்ட் குடுத்தாங்க, எத்தன பேர் இருக்கேன்னாங்க, எத்தன பேருக்கு கடைசில இடம் கிடைச்சுதுன்னு மூணு நம்பர் இருக்கும். அப்பா கேட்ட நம்பருக்கு பதிலா என்கிட்ட இருந்தது அதுதான். ஒரே காலேஜோட நாலஞ்சு வருஷத்த பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு வருஷம் நூறு பேர் உள்ள போயிருப்பாங்க, அடுத்த வருஷம் விரல் விட்டு எண்ணலாம். புள்ளைங்க அதே தரம்தான், மாறினது காலேஜோட கணக்கு. 2021-ல ஹார்வர்ட் லிஸ்ட்ல இருந்து ஒருத்தரையும் எடுக்கல, காரணம் கோவிட்னால முந்தின வருஷம் 349 பேர் படிப்ப ஒரு வருஷம் தள்ளி வச்சிருந்தாங்க, அந்த இடமெல்லாம் அவங்களுக்கே போச்சு. அந்த லிஸ்ட்ல இருந்த ஒரு புள்ள என்ன பண்ணியிருந்தா உள்ள போயிருக்க முடியும்? ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாது. இத அந்தப் புள்ளைக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா, இல்ல இன்னும் எதுல கம்மின்னே யோசிச்சிட்டு இருக்கான்னு எனக்கு இப்பவும் தோணும்.

இது எல்லாமே வெறும் கணக்குதான்னு நான் சொல்லல. எனக்கு கோவம் வர்ற இடம் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, ஆர்வம் காட்டறதுங்கற விஷயம். பல காலேஜ் நம்ம புள்ள வந்து கேம்பஸ சுத்தி பார்த்துச்சா, அவங்க அனுப்பற மெயில தொறந்துச்சா, இன்ஃபர்மேஷன் செஷன்ல உக்காந்துச்சான்னு கணக்கு வச்சிருக்கும், காமன் டேட்டா செட்லயே சி7-ல இதுக்கு ஒரு வரி உண்டு. இந்தப் புள்ள மார்க்கு எல்லாம் நம்ம சராசரிக்கு ரொம்ப மேல, நம்மள எட்டிக்கூட பாக்கல, எப்படியும் இதவிட பெரிய இடத்துக்குத்தான் போகப்போகுதுன்னு தோணுச்சுன்னா வெயிட்லிஸ்ட்ல போட்டுருவாங்க, நிஜமாவே வேணும்னா அதுவா எழுதட்டும்னு. இதுக்கு டஃப்ட்ஸ்ங்கற காலேஜ் பேர வச்சு டஃப்ட்ஸ் சிண்ட்ரோம்னே ஒரு பேர் ரொம்ப நாளா புழங்குது. ஆக பலமான அப்ளிகேஷன்ங்கறதே சில இடத்துல காலேஜுக்கு ஒரு பயத்த குடுக்கும். ஆர்வத்த நிரூபிக்க பெரிய வழி எர்லி டெசிஷன், நவம்பர்லயே ஒரே ஒரு காலேஜுக்கு எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கறது, கிடைச்சா கண்டிப்பா வர்றேன்னு. காலேஜுக்கு அது தங்கம், யீல்ட் நூத்துக்கு நூறு பக்கம், சில காலேஜ் பாதி வகுப்ப அதுலயே நிரப்பிக்குது. மார்ச்ல நம்ம புள்ளைங்க முட்டி மோதறது மிச்ச பாதிக்கு. ஆனா எர்லி டெசிஷன் போடணும்னா எவ்வளவு பீஸ் ஆனாலும் கட்டுவோம்ங்கற தைரியம் வேணும், நாலு காலேஜோட பண உதவிய பக்கத்துல வச்சு பார்த்து முடிவு பண்ற வீட்டால அத போட முடியாது. எங்களால முடியல. வீட்டுக்காரர் வேலை அந்த வருஷம் ஆட்டம் கண்டுட்டிருந்துச்சு, நாங்க போடல, பெரியவளுக்கு அதுக்கான காரணமும் தெரியும், ஒரு வார்த்தை கேக்கல. வெயிட்லிஸ்ட்ல இருந்து எடுக்கும்போதும் பணம் குறுக்க வரும், உதவிப் பணத்த ஏப்ரல்லயே பிரிச்சுக் குடுத்து முடிச்சிருப்பாங்க, அதனால முழு பீஸ் கட்டற வீட்டு புள்ளைய கூப்பிடறது அந்த சமயத்துல காலேஜுக்கு சுலபம். எல்லா இடமும் அப்படி இல்ல, ஆனா அப்படி இருக்கற இடம் நிறைய.

ரெண்டாவது, ஹார்வர்ட் கேஸ்ல வெளிய வந்த இன்னொரு விஷயம். பர்சனல் ரேட்டிங்னு ஒண்ணு போடறாங்க, குணம், தைரியம், மத்தவங்கிட்ட அன்பு, இதுக்கெல்லாம் மார்க்கு, அதுல ஆசிய புள்ளைங்களுக்கு சராசரியா கம்மியா விழுந்திருக்கு. அதே நேரம் அங்க படிச்சவங்களோட புள்ளைங்க, விளையாட்டுக்கு எடுக்கறவங்க, டீன் தனியா குறிச்சு வச்சிருக்கறவங்க, வாத்தியார் வீட்டு புள்ளைங்க, இவங்களுக்கு கதவு அகலமா தொறந்திருக்கு. இசட் லிஸ்ட்னு ஒண்ணு, ஒரு வருஷம் கழிச்சு வான்னு சொல்லி அம்பது அறுபது பேர எடுப்பாங்க, அதுல வசதியான வீட்டு, அங்கயே படிச்ச வீட்டு புள்ளைங்க அதிகம். கீழ் கோர்ட்டு 2019-ல ஹார்வர்ட் வேணும்னே பாகுபாடு பண்ணலன்னு தீர்ப்பு சொல்லுச்சு, 2023 ஜூன் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இனத்த வச்சு அட்மிஷன் குடுக்கறதே கூடாதுன்னு மாத்திருச்சு. எங்க வாட்ஸப் குரூப்ல அன்னைக்கு ஒரே கொண்டாட்டம், இனிமே நம்ம புள்ளைங்களுக்கு வெயிட்லிஸ்ட் கிடையாதுன்னு. என்னால அதுல சேர முடியல. அன்பா இருக்கறதுல நம்ம புள்ளைங்களுக்கு மார்க்கு கம்மின்னு எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்து எழுதினது எனக்கு இன்னைக்கும் நெஞ்சுல நிக்குது, அது தப்பு. ஆனா தீர்ப்பு வந்ததால கட்டில் கூடல, வெயிட்லிஸ்ட்டும் போகல. கருப்பின புள்ளைங்களோட இடத்த எடுத்து நமக்கு குடுத்தா சரியாயிரும்ங்கற பேச்சு எனக்கு அப்பவும் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல, அங்க படிச்சவங்க புள்ளைங்களுக்கு தொறக்கற பரம்பரைக் கதவ எங்க குரூப்ல யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க.

ஏப்ரல் மொத வாரம் பயத்துல நான் ஒரு தப்பு பண்ணேன், பக்கத்து ஊர்ல பிரைவேட்டா கவுன்சிலிங் பண்ற ஒருத்தர்கிட்ட புள்ளைய கூட்டிட்டு போனேன். அவரு ஃபைல பத்து நிமிஷம் புரட்டிட்டு அவ முன்னாடியே, "இது வழக்கமான இந்தியன் ப்ரொஃபைல், வித்தியாசமா ஒண்ணும் இல்ல, அதான் வெயிட்லிஸ்ட்"னாரு, ரெண்டாயிரம் டாலர் குடுத்தா காலேஜுக்கு அனுப்பற லெட்டர தானே எழுதித் தர்றேன்னாரு. ஆம்புலன்ஸ்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து காலைல கெமிஸ்ட்ரி டெஸ்ட் எழுதின புள்ள. நான் எந்திச்சு வந்துட்டேன். கார்ல வீடு வர்ற வரைக்கும் அவ பேசல, நானும் பேசல, வாசல்ல கார நிறுத்தினதுக்கு அப்புறம்தான் "நானே எழுதிக்கறேம்மா"ன்னா.

அந்த லெட்டர் ஒரு பக்கம்தான். லிஸ்ட்ல இருக்கற புள்ள காலேஜுக்கு நான் இன்னும் வரத் தயார்னு எழுதற லெட்டர், எல்லாரும் எழுதுவாங்க, கெஞ்சறதும் அப்ளிகேஷன்ல இருந்தத திரும்ப ஒப்பிக்கறதும்தான் அதுல நடக்கற தப்பு. ஜனவரிக்கு அப்புறம் என்ன புதுசுங்கறதுதான் அவங்களுக்கு வேணும். பெரியவ மார்ச்ல இஎம்டி, அதாவது ஆம்புலன்ஸ்ல மொதலுதவி பண்றவங்களுக்கான, பரீட்சை பாஸ் பண்ணியிருந்தா, அத எழுதினா. அப்புறம் ஒரு ராத்திரி ஒரு பாட்டி வீட்டுக்கு போனத எழுதினா, பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, குஜராத்தி மட்டும்தான், இவளுக்கு குஜராத்தி தெரியாது, ரத்த அழுத்தம் பாக்கற பட்டைய கைல சுத்தினதும் பாட்டி பயந்துட்டாங்க, இவ மொதல்ல தன் கைல சுத்தி காத்தடிச்சு காட்டியிருக்கா, அதுக்கப்புறம் பாட்டி அவங்களே கைய நீட்டினாங்களாம். இதெல்லாம் நடந்தது எனக்கு அந்த லெட்டர படிச்சப்பதான் தெரியும். கடைசில ரெண்டு வரி, இடம் குடுத்தா கண்டிப்பா வருவேன்னு. அந்த ரெண்டு வரி முக்கியம், கூப்பிட்டா வருவாளாங்கறதுதான் அந்த நேரத்துல அவங்களோட ஒரே கவலை. ஸ்கூல் கவுன்சிலர் ஒரு போன் பண்ணாங்க. அதோட நிறுத்திட்டோம், வாரா வாரம் மெயில் அனுப்பறது, கேக் அனுப்பறது எல்லாம் வேண்டாம்னு அவளே சொல்லிட்டா.

தோழிகிட்ட நான் அழுத்தி சொன்னது டெபாசிட் பத்தித்தான். மே ஒண்ணாம் தேதிக்குள்ள கிடைச்ச இடத்துல ஒரு இடத்த முடிவு பண்ணி டெபாசிட் கட்டிரணும், அப்படி கட்டினா வெயிட்லிஸ்ட்ல இருந்து பேர் போயிரும்னு பயப்படறாங்க, போகாது. பின்னாடி கூப்பிட்டா கட்டின டெபாசிட் திரும்ப வராது, அவ்வளவுதான். ரொம்ப போட்டி இருக்கற காலேஜ்கள்ல லிஸ்ட்ல இருக்கேன்னு சொன்னவங்கள்ல நூத்துக்கு ஏழு பேருக்குத்தான் சராசரியா இடம் கிடைச்சுதுன்னு அந்த அட்மிஷன் சங்கத்தோட 2019 அறிக்கைல இருந்துச்சு. அத நம்பி ஒரு புள்ளைய மூணு மாசம் வாசல்லயே நிக்க வைக்கக்கூடாது.

நாங்க எங்க நியூஜெர்சி மாநில யுனிவர்சிட்டியான ரட்கர்ஸுக்கு கட்டினோம். அது அவளுக்கு பிப்ரவரிலயே கிடைச்ச இடம், நல்லா படிக்கறவங்களுக்கான ஹானர்ஸ் பிரிவுல, உதவிப் பணத்தோட, ஆனா அதுவரைக்கும் அத நாங்க யாரும் ஒழுங்கா திரும்பிக்கூட பாக்கல. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை நியூ பிரன்ஸ்விக் போய் சுத்தினோம், ராரிட்டன் ஆத்துப் பாலத்த பஸ்ல தாண்டும்போது அவ ஜன்னல் பக்கம் உக்காந்து போட்டோ எடுத்தா. அந்த மாசத்துல அவ எடுத்த மொத போட்டோ அதுதான்.

ஜூன்ல அப்பா மறுபடியும் கேட்டாரு, "சார்ட் போட்டாச்சாட்டி?" இந்தத் தடவ பெரியவளே போன வாங்கி தாத்தாவுக்கு விளக்கினா, தமிழும் இங்கிலீஷுமா, இது ட்ரெயின் மாதிரி இல்ல தாத்தா, அவங்க எத்தன பேர் வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, அதான் எங்கள பக்கத்துல வச்சிருக்காங்க, நான் சரியா படிக்கலன்னு இல்ல. தாத்தா முழுசா கேட்டுட்டு, "அப்ப தவசிப்பிள்ளை அரிசிய ஒதுக்கி வப்பாம்லா, அது மாதிரி"ன்னாரு. நான் அவருகிட்ட அத ஒருநாளும் சொன்னதில்ல.

ஜூலை ரெண்டாவது வாரம் மெயில் வந்துச்சு, இந்த வருஷ வகுப்பு நிரம்பிருச்சு, லிஸ்ட்ட மூடறோம்னு நாலு வரி. நான் ஆபீஸ்ல இருந்தேன், அவ அத எனக்கு ஃபார்வர்ட் பண்ணியிருந்தா, மேல ஒண்ணும் எழுதல. வீட்டுக்கு போன் பண்ணலாமா வேண்டாமான்னு பத்து நிமிஷம் போன கைலயே வச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள அவகிட்ட இருந்தே மெசேஜ் வந்துச்சு: "அம்மா, வர்ற வழில பெட்ஷீட் வாங்கிடு. ஹாஸ்டல் கட்டில் நீளமாம், சாதா ட்வின் பத்தாதாம், ட்வின் எக்ஸ்எல்னு பார்த்து வாங்கு. நீலம் இருந்தா நீலம்."